மறுசேர்க்கை மனித பிகேஎம்2: குப்பியோடு ஒட்டிக்கொண்டு வரும் எஃப்பிபியைக் கவனியுங்கள்

ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்து, முன்முனையில் ஆறு ஹிஸ்டிடின் சேர்த்து, 50 மைக்ரோகிராம் குப்பியாக உலர் பனிக்கட்டியில் வந்து சேரும் மனித பைருவேட் கைனேஸ் எம்2 (பிகேஎம்2) என்ற நொதி நல்ல சரக்குதான். தூய்மையும் வேகமும் குறைவில்லை. சிக்கனமாகப் பிரித்து வைத்தால் ஒரு குப்பி மாதக்கணக்கில் வரும். ஆனால் தகவல் தாளில் போட்டிருக்கும் 'ஒரு மில்லிகிராமுக்கு இத்தனை யூனிட்' என்ற எண்ணை மட்டும் பார்த்து இந்த நொதியை வாங்கக் கூடாது. அந்த எண்ணை நம்பி வேலையைத் தொடங்கவும் கூடாது. நொதி வேலை செய்கிறதா என்பதற்கு அந்த எண் பதில் சொல்லும். எந்த நிலையில் இருக்கிறது, அதாவது அதைத் தூண்டும் எஃப்பிபி என்ற சர்க்கரைப் பாஸ்பேட் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறதா என்பதற்குச் சொல்லாது. பிகேஎம்2-வை வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது இந்த இரண்டாவது பதில்தான்.

ஏன் என்று பார்க்க, நொதியின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளுக்கோஸ் சிதைவின் கடைசிப் படியில் பாஸ்பீனால்பைருவேட்டிலிருந்து (ஆய்வகப் பேச்சில் 'பெப்') ஒரு பாஸ்பேட்டை எடுத்து அடினோசின் டைபாஸ்பேட்டுக்குக் கொடுத்து, ஏடிபியையும் பைருவேட்டையும் தருவது பைருவேட் கைனேஸ். இங்கே பெயரிலேயே ஒரு குழப்பம்: தமிழில் சுருக்கி எழுதினால் அடினோசின் டைபாஸ்பேட்டும் டிரைபாஸ்பேட்டும் 'ஏடிபி' என்று ஒன்றாகவே ஆகிவிடும். அதனால் இங்கே டைபாஸ்பேட்டைச் சுருக்காமல் 'அடினோசின் டைபாஸ்பேட்' அல்லது வெறும் 'டைபாஸ்பேட்' என்றே சொல்கிறோம். ஏடிபி என்றால் டிரைபாஸ்பேட் மட்டுமே.

பிகேஎம் என்ற ஒரே மரபணுவில் 9-ஆம் எக்ஸான் (மரபணுவில் புரதத்துக்கான ஒரு துண்டு) சேர்ந்தால் எம்1, 10-ஆம் எக்ஸான் சேர்ந்தால் எம்2. இரண்டுக்கும் 531 அமினோ அமிலங்கள்; இருபதுக்குச் சற்று மேற்பட்ட இடங்களில்தான் வேறுபாடு. அந்தச் சில இடங்களால் குணம் அடியோடு மாறிவிடுகிறது. எம்1 எப்போதும் முழு வேகத்தில் ஓடும். எம்2-வுக்கு மேலிருந்து சமிக்ஞை வர வேண்டும்: குளுக்கோஸ் பாதையின் நடுவில் உருவாகும் ஃபுரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட், அதாவது எஃப்பிபி, வந்து ஒட்டினால்தான் நொதியின் நான்கு அலகுகளும் கட்டிறுகிய டெட்ராமராக நின்று, பெப்பை இறுக்கமாகப் பிடிக்கும்.

எஃப்பிபி இல்லாதபோது பெப்புக்கான கேஎம், அதாவது பாதி வேகத்துக்கு வேண்டிய பெப் செறிவு, 1 மில்லிமோலாருக்குச் சற்று மேலே நிற்கும். எஃப்பிபி ஒட்டியதும் 0.1 முதல் 0.2 மில்லிமோலாருக்கு இறங்கிவிடும். உச்ச வேகமோ பெரிதாக மாறாது. தகவல் தாளின் எண் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். விற்பவர்கள் தரச் சோதனையைப் பெப் ஏராளமாக இருக்கும் கரைசலில் செய்கிறார்கள். அப்போது எஃப்பிபி ஒட்டிய நொதியும் ஒட்டாத நொதியும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். தாளில் 'தேர்ச்சி' என்று இருக்கும். உங்கள் கைக்கு வந்தது எது என்பது தாளைப் பார்த்துத் தெரியாது.

குளுக்கோஸ் தின்று வளரும் ஈ. கோலைக்குள் எஃப்பிபி மில்லிமோலார் கணக்கில் கிடக்கிறது. பிகேஎம்2 அதைப் பிடிக்கும் இறுக்கமோ சில பத்து நானோமோலார். அதனால் நிக்கல் பத்தியில் கழுவி, அடுத்து ஜெல் வடிகட்டலிலும் ஓட்டி எடுத்த தூய புரதத்திலும் ஒரு பங்கு அலகுகள் எஃப்பிபியைக் கட்டிக்கொண்டே வெளியே வரும். எந்தப் பங்கு என்பது கழுவிய நேரம், உப்பு, டயாலிசிஸ் செய்தார்களா இல்லையா என்பதையெல்லாம் பொறுத்தது. லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) மாறும். தூண்டி மருந்து தேடுகிறவர் ஏற்கெனவே தூண்டப்பட்ட நொதியை வைத்துக்கொண்டு தேடினால் எந்தச் சேர்மமும் வேலை செய்யாததுபோலத்தான் தெரியும்.

வாங்குவதற்கு முன் தாளில் பார்க்க வேண்டியவை

முதலில் ஐசோஃபார்ம், அதாவது எம்1, எம்2 என்ற வடிவங்களில் எது என்பது. யூனிப்ராட் புரதத் தரவுத்தளத்தில் பி14618 என்ற ஒரே எண்ணின் கீழ் இரண்டும் இருக்கின்றன. பின்னால் '-1' என்றால் எம்2, '-2' என்றால் எம்1. '1' என்பது எம்1-ஐக் குறிப்பதாக எண்ணித் தவறான குப்பியைக் கேட்பது எளிதில் நேரும் பிழை. தாளில் வெறுமனே 'பிகேஎம்' என்று மட்டும் இருந்தால் அமினோ அமில வரிசையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

அடுத்தது, தூய்மைப்படுத்துவதற்காகப் புரதத்தில் சேர்த்த ஒட்டு எங்கே இருக்கிறது என்பது. எஃப்பிபி உட்காரும் பை புரதத்தின் பின்பகுதியில் இருக்கிறது. 432 முதல் 437 வரையுள்ள வளையமும் 510-களில் தொடங்கும் இன்னொரு வளையமும்தான் அதைப் பிடித்துக்கொள்பவை. புரதம் 531-இல் முடிந்துவிடுகிறது. ஆக, பின்முனையில் மாட்டிய எந்த ஒட்டும் அந்தப் பையின் வாசலில்தான் தொங்கும். முன்முனை ஹிஸ்டிடின் ஒட்டு தொந்தரவு தருவதில்லை. புரோட்டியேஸ் வெட்டும் இடமும் சேர்த்திருந்தால் இன்னும் நல்லது. ஜிஎஸ்டி (குளுட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபெரேஸ்) ஒட்டு இந்த நொதிக்கு வேண்டவே வேண்டாம். ஜிஎஸ்டி தானாகவே இருமடியாகச் சேரும் புரதம். அலகுகள் சேர்வதும் பிரிவதும்தான் கேள்வி என்னும்போது அது விடையைக் கெடுத்துவிடும். கோதுமை முளைச் சாற்றில் செல் இல்லாமல் தயாரித்த ஜிஎஸ்டி வகைகளும் கேட்டலாக்கில் அருகருகே கிடக்கும். அவை வெஸ்டர்ன் பிளாட்டிலும் எலைசாவிலும் ஒப்பீட்டுக்கு வைக்கத்தான். செயல்பாட்டுக்காக வாங்காதீர்கள்.

யூனிட்டின் வரையறையை (பொதுவாக, நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் மாற்றும் நொதியின் அளவு) முழுதாகப் படியுங்கள். வெப்பநிலை 25 டிகிரியா 37 டிகிரியா, பெப் எவ்வளவு, எஃப்பிபி சேர்த்தார்களா, என்ன பிஎச். இவை இல்லாமல் இரண்டு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒரு சின்ன வசதி: ஓர் அலகின் எடை 58 கிலோடால்டன் என்பதால், மில்லிகிராமுக்கு யூனிட் எண்ணை 0.97-ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை சுற்று என்பது வந்துவிடும். 200 யூனிட் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 193. நூறுகளில் இருக்க வேண்டிய எண் பத்துக்குக் கீழே இருந்தால் பாதிக்கு மேல் செத்த புரதம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

எஸ்டிஎஸ் ஜெல் படத்தில் 58 முதல் 60 கிலோடால்டனில் ஒரே கோடு இருக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் கீழே, 50-ஐ ஒட்டி மங்கலாக ஒரு கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஈ. கோலைக்குச் சொந்தமாகவே இரண்டு பைருவேட் கைனேஸ்கள் உண்டு, இரண்டும் அந்த எடைதான். அதில் ஒன்று எஃப்பிபியால் தூண்டப்படுவது, மற்றது ஏஎம்பியால். சோதனையில் மனித நொதியிலிருந்து பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடும்.

குப்பி கைக்கு வந்ததும்

உறையிலிருந்து எடுத்து ஐஸில் உருகவிட்டு, திறக்கும் முன் சில நொடிகள் மைக்ரோஃபியூஜில் சுற்றுங்கள். 100 மைக்ரோலிட்டர் திரவத்தில் பத்திருபது மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வோர்டெக்ஸ் வேண்டாம், நுரை வந்தால் புரதம் போயிற்று. 5 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறைய வைத்து, மைனஸ் 80-க்கு அனுப்புங்கள். ஒருமுறை உருகிய பங்கைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். குப்பியில் கிளிசரால் 10 முதல் 20 சதவீதம் இருக்கும். அதை நம்பி மைனஸ் 20-இல் வைத்தால் கரைசல் அரைகுறையாக உறைந்து, மெல்ல மெல்ல வேகம் தேயும்.

நீர்ப்பதில்தான் இந்த நொதி நிறையப் பேரிடம் தோற்றுப்போகிறது. மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்றால் 8.6 மைக்ரோமோலார். சோதனையில் வேண்டியதோ 1 நானோமோலார் அளவு. ஒரே தாவலில் போகாதீர்கள். முதலில் 86 மடங்கு நீர்த்து 100 நானோமோலார், அதிலிருந்து ஐந்து மடங்கு நீர்த்து 20 நானோமோலார், அதில் 10 மைக்ரோலிட்டர் எடுத்து 200 மைக்ரோலிட்டர் கிணற்றில் விட்டால் 1 நானோமோலார். எல்லாப் படியிலும் பஃபரில் மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டுச் சீரம் அல்புமின்) இருக்கட்டும். இல்லாவிட்டால் புரதம் பிளாஸ்டிக் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். குறைந்த பிணைப்பு டியூப் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

சோதனைக் கரைசல்

பலரும் கையாளும், நன்றாக வேலை செய்யும் கலவை இது: 50 மில்லிமோலார் டிரிஸ் பிஎச் 7.5, 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 1 மில்லிமோலார் டிடிடி, 0.2 மில்லிமோலார் என்ஏடிஎச், 2 மில்லிமோலார் அடினோசின் டைபாஸ்பேட், மில்லிலிட்டருக்கு 10 யூனிட் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் (எல்டிஎச்), மேலே சொன்ன பிஎஸ்ஏ. பைருவேட் உருவாக உருவாக எல்டிஎச் அதை லாக்டேட்டாக்கும்; கூடவே என்ஏடிஎச் குறையும்; 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் இறங்கும்.

பொட்டாசியம் இல்லாமல் இந்த நொதி நகராது. சோடியம் அந்த இடத்தை நிரப்பாது. எல்லா உப்பையும் சோடியமாக வைத்திருக்கும் பொதுவான கைனேஸ் பஃபரை அப்படியே ஊற்றிவிட்டு 'குப்பி செத்துவிட்டது' என்று புகார் எழுதும் முன் இதைப் பாருங்கள். மெக்னீசியத்தைக் குறைத்து டைபாஸ்பேட்டைக் கூட்டினாலும் இதே கதை: டைபாஸ்பேட் மெக்னீசியத்தைக் கட்டிக்கொண்டு போய்விடும்.

பெப் பெரும்பாலும் ஒற்றைப் பொட்டாசியம் உப்பாக வரும். தண்ணீரில் கரைத்தால் நல்ல புளிப்பு. 100 மில்லிமோலார் இருப்புக் கரைசலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 7 முதல் 7.5-க்குக் கொண்டுவந்த பிறகே பங்கு பிரியுங்கள். அப்படிச் செய்யாமல் 10 மில்லிமோலார் வரை ஏற்றிக்கொண்டு போனால் வரைபடத்தின் வலது ஓரத்தில் பிஎச் சரியும். என்ஏடிஎச் அமிலத்தில் தானாகவே சிதையும். வேகம் ஏன் திடீரென்று வளைகிறது என்று நொதியிடம் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கணக்கைக் கையிலேயே போட்டுப் பார்க்கலாம். மில்லிகிராமுக்கு 200 யூனிட் உள்ள நொதி 1 நானோமோலார் என்றால் மில்லிலிட்டருக்கு 0.0116 யூனிட். என்ஏடிஎச்-இன் உறிஞ்சல் கெழு 6220; 96 கிணற்றுத் தட்டில் 200 மைக்ரோலிட்டரின் உயரம் சுமார் 0.56 செ.மீ. ஆகவே உச்ச வேகத்தில் நிமிடத்துக்கு 0.04 இறங்க வேண்டும். தொடக்க உறிஞ்சல் 0.7. முதல் ஐந்தாறு நிமிடம் நேர்கோடாக வரும், அதைத்தான் எடுக்க வேண்டும். 10 நானோமோலார் போட்டால் பிளேட் ரீடர் முதல் கிணற்றைப் படித்துக் கடைசிக் கிணற்றுக்குப் போவதற்குள்ளேயே என்ஏடிஎச் தீர்ந்துவிடும்.

எஃப்பிபியையோ தூண்டிச் சேர்மத்தையோ நொதியோடு பத்துப் பதினைந்து நிமிடம் சேர்த்து வைத்துவிட்டு, கடைசியாகப் பெப்பை விட்டுத் தொடங்குங்கள். தொடங்கிய பிறகும் வளைவு முதல் சில நிமிடம் மெல்லத்தான் வேகமெடுக்கிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: எல்டிஎச் போதவில்லை, அல்லது பிகேஎம்2 இன்னும் டெட்ராமராகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. எல்டிஎச்சை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். தயக்கம் குறைந்தால் முதலாவது. அப்படியே இருந்தால் இரண்டாவது, அது நொதியின் உண்மையான நடத்தை. வெட்டி எறியாமல் பதிவு செய்யுங்கள்.

எல்டிஎச் குப்பிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு பைருவேட் கைனேஸ்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நல்ல பிகேஎம்2 குப்பிகள் பல இதனால்தான் 'மோசம்' என்று பெயர் வாங்குகின்றன. மலிவாகக் கிடைக்கும் எல்டிஎச் முயல் தசையிலிருந்து வருவது. தசையில் பைருவேட் கைனேஸ் கொட்டிக் கிடக்கிறது, அதுவும் எம்1 வகை. சுத்தம் செய்யும்போது கொஞ்சம் கூடவே வரும்.

எல்டிஎச்சில் 0.1 சதவீதம் மட்டுமே கலப்படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிலிட்டருக்கு 10 யூனிட் எல்டிஎச் போடுகிறீர்கள்; கூடவே 0.01 யூனிட் எம்1 போய்ச் சேர்கிறது. நீங்கள் போட்ட பிகேஎம்2-வோ உச்ச வேகத்தில் 0.0116. அதாவது பாதிக்குப் பாதி வேறொருவருடைய வேலை. இனி 0.2 மில்லிமோலார் பெப்பில், எஃப்பிபி இல்லாமல் பாருங்கள். கேஎம் 1.5 என்று கொண்டால் பிகேஎம்2 உச்ச வேகத்தில் 12 சதவீதம் ஓடும்: 0.0014. எம்1-க்கோ அந்தப் பெப்பே தாராளம், அது 0.007 அளவில் ஓடும். எஃப்பிபி சேர்த்தால் பிகேஎம்2 0.0066-க்கு ஏறும், எம்1 அசையாது. உண்மையில் ஏறக்குறைய ஐந்து மடங்கு தூண்டல் இருக்கிறது. திரையில் தெரிவது 0.0084-இலிருந்து 0.0136, அதாவது 1.6 மடங்கு. முழுக்க எஃப்பிபி இல்லாத அருமையான நொதி, எஃப்பிபி நிறைந்ததாகத் தோற்றமளிக்கும்.

பிகேஎம்2 மட்டும் இல்லாமல் மற்ற எல்லாம் உள்ள கிணறு ஒவ்வொரு பெப் செறிவுக்கும் ஒன்று இருக்கட்டும். ஒரே ஒரு செறிவில் வைத்து எல்லாவற்றிலிருந்தும் கழிப்பது தவறு, கலப்படமும் பெப்போடு ஏறும். இதயத்திலிருந்து எடுத்ததோ மறுசேர்க்கையோ ஆன எல்டிஎச், பைருவேட் கைனேஸ் அளவு தாளில் குறித்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 'பைருவேட் கைனேஸ்/எல்டிஎச் கலவை' என்று வேறு கைனேஸ் சோதனைகளுக்காக விற்பதைத் தெரியாமல் எடுத்துவிடாதீர்கள், பெயரிலேயே எழுதியிருக்கிறது.

எல்டிஎச் அமோனியம் சல்ஃபேட்டில் தொங்கலாக வந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. அமோனியம் அயனி பொட்டாசியத்தைப் போலவே இந்த நொதியைத் தூண்டும். 3.2 மோலார் தொங்கலிலிருந்து சில மைக்ரோலிட்டர் போட்டாலே கிணற்றில் பத்துக்கணக்கான மில்லிமோலார் சேர்ந்துவிடும். சுற்றிப் படிவை எடுத்து, பஃபரில் கரைத்து, உப்பு நீக்கும் சிறு பத்தியில் ஓட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். கிளிசராலில் வரும் வகை கிடைத்தால் இந்த வேலையே இல்லை.

புதுக் குப்பியை எடைபோடும் சோதனை

எல்டிஎச் பக்கம் சுத்தமானதும், ஒவ்வொரு லாட்டுக்கும் இதைச் செய்யலாம். ஒரு மதியம் போதும். 0.2 மில்லிமோலார் பெப்பில், எஃப்பிபி இல்லாமலும், 20 மைக்ரோமோலார் எஃப்பிபியோடும் வேகம் எடுங்கள். மேலே போட்ட கணக்குப்படி எஃப்பிபி இல்லாத நொதி நான்கைந்து மடங்கு ஏற வேண்டும். 1.5-க்குக் கீழே என்றால் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, அல்லது தூண்டப்படும் திறனே போய்விட்டது. எது என்று அறிய 10 மில்லிமோலார் பெப்பிலும் ஒருமுறை பாருங்கள். நிறைந்த நொதி 0.2 மில்லிமோலாரிலேயே உச்ச வேகத்தில் பாதிக்கு மேல் ஓடும். திறன் போன நொதி 0.2-இல் தவழ்ந்து, 10-இல் மட்டும் ஓடும்.

இதையே நேரத்தை மாற்றியும் செய்யுங்கள். நீர்த்த கையோடு ஒன்று, 1 நானோமோலாரில் அறை வெப்பத்தில் அரைமணி வைத்து ஒன்று. ஒட்டியிருந்த எஃப்பிபி அவ்வளவு நீர்த்த கரைசலில் கழன்றுவிடும். அதனால் முதல் அளவீட்டில் விறுவிறுப்பாக ஓடிய நொதி அரைமணி கழித்துச் சோர்ந்து நிற்கும். ஒரே தட்டில் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் வேகம் மாறுகிறது என்ற புகாரின் அடியில் பெரும்பாலும் இருப்பது இதுதான். சோர்ந்த கிணற்றுக்கு எஃப்பிபி கொடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். வேகம் முழுதாகத் திரும்பினால் எஃப்பிபிதான் கழன்றது. திரும்பாவிட்டால் புரதம் சுவரில் ஒட்டிவிட்டது அல்லது உருக்குலைந்துவிட்டது.

எத்தனை சதவீதம் அலகுகளில் எஃப்பிபி இருக்கிறது என்று எண்ணாகவே வேண்டுமென்றால் புரதத்தைச் சூட்டில் உருக்குலைத்து, சுற்றி, மேலுள்ள தெளிவில் ஆல்டோலேஸ், டிரையோஸ்பாஸ்பேட் ஐசோமரேஸ், கிளிசரால்-3-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் மூன்றையும் விட்டு என்ஏடிஎச் குறைவதை அளக்கலாம். ஓர் எஃப்பிபிக்கு இரண்டு என்ஏடிஎச் குறையும். ஆனால் 20 சதவீத நிறைவை 0.05 உறிஞ்சலாகக் காண 20 மைக்ரோமோலார் புரதம் வேண்டும். 100 மைக்ரோலிட்டருக்கு 116 மைக்ரோகிராம், இரண்டு குப்பிக்கும் மேல். இந்தப் பொதியின் உண்மையான குறை இது. வேக அளவீட்டுக்கு ஒரு கிணற்றுக்கு 11.6 நானோகிராம் போதும், 50 மைக்ரோகிராமில் நான்காயிரம் கிணறு ஓட்டலாம். குப்பியைச் சரிபார்க்கவோ அது போதாது. விற்பவரே லாட்டுக்கு ஒருமுறை இதை அளந்து தாளில் போட்டுவிட்டால் எல்லாருக்கும் வேலை மிச்சம்.

தூண்டி, தடுப்பான் தேடுகிறவர்களுக்கு

நேர் கன்ட்ரோலாக டெப்-46 அல்லது டாஸா-58 என்ற தூண்டிச் சேர்மத்தை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் எஃப்பிபியின் பையில் உட்காராமல் அலகுகள் சந்திக்கும் இடைவெளியில் உட்காருபவை. பாதித் தூண்டல் செறிவு 100 நானோமோலாருக்குக் கீழே. இந்த வகைக் குப்பியில் எஃப்பிபி இல்லாத நிலையில் இரண்டும் தெளிவாக வேலை செய்யும். செய்யவில்லை என்றால் மேலே சொன்ன லாட் சோதனைக்குத் திரும்புங்கள்.

தடுப்பான் என்று தெரிகிற எதையும் எல்டிஎச்சின் மேல் ஒருமுறை விட்டுப் பாருங்கள்: பிகேஎம்2 இல்லாமல், பைருவேட்டை நேரடியாகக் கொடுத்து. பல 'தடுப்பான்கள்' அங்கேயே விழுந்துவிடும். ஷிகோனின் போன்ற நாஃப்தோகுயினோன்கள் டிடிடி போன்ற தயால்களோடு வினைபுரிபவை, டிடிடி இருக்கும் கரைசலில் அவற்றின் எண்களை நம்ப வேண்டாம்.

லூசிஃபெரேஸ் என்ற ஒளி உமிழும் நொதி கொண்டு ஏடிபியை அளக்கும் முறையில் தடுமாற்றம் வேறு மாதிரி. விற்பனையிலுள்ள டைபாஸ்பேட்டில் எப்போதும் கொஞ்சம் ஏடிபி இருக்கும், தொடக்கத்திலேயே பின்னணி ஏறி நிற்கும். மிகத் தூய வகையை வாங்குங்கள். ஈ. கோலையின் அடினைலேட் கைனேஸ் கொஞ்சம் கலந்திருந்தாலும் போதும், இரண்டு டைபாஸ்பேட்டிலிருந்து ஓர் ஏடிபியை அது பெப் இல்லாமலே செய்து தள்ளும். என்ஏடிஎச் சோதனையில் இது கண்ணுக்கே தெரியாது. பெப் இல்லாத கிணறு ஒன்று வைத்தால் குட்டு வெளிப்படும்.

அமினோ அமிலங்களையும் மறக்க வேண்டாம். செரின் தூண்டும், ஃபீனைல்அலனினும் அலனினும் அடக்கும். செல் சாற்றையோ வளர்ப்பு ஊடகத்தையோ இந்த நொதியோடு கலக்கிறவர்கள் முதலில் உப்பு நீக்கிவிடுங்கள்.

இந்தக் குப்பியால் ஆகாதவை

பாக்டீரியாவில் செய்த புரதத்தில் மனித செல் போடும் மாற்றங்கள் இருக்காது. 2009-இல் விவரிக்கப்பட்ட டைரோசின் 105 பாஸ்பேட், 2011-இல் விவரிக்கப்பட்ட லைசின் 305 அசிட்டைல் எதுவும் கிடையாது. அவற்றைப் படிக்கிறவர்கள் மனித செல்லில் தயாரித்ததை வாங்க வேண்டும், அதிலும் எந்தப் பங்கு மாற்றம் பெற்றிருக்கிறது என்று கேட்க வேண்டும். சிஸ்டீன் 358 ஆக்சிஜனேற்றம் பற்றிய வேலை என்றால் குப்பியின் பஃபரிலுள்ள டிடிடியை முதலில் நீக்குங்கள்; அது இருக்கும்வரை ஹைட்ரஜன் பெராக்சைடு எதைத் தொட்டது என்று சொல்ல முடியாது.

பிகேஎம்2 பிற புரதங்களுக்குப் பாஸ்பேட் போடுகிறது என்ற கருத்தைச் சோதிக்க இதை வாங்குகிறவர்கள், 2015-இல் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று வெளியான ஆய்வைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. கரைசலில் டைபாஸ்பேட் துளி இருந்தாலும் பெப்பிலிருந்து ஏடிபி உருவாகிவிடும்; பிறகு எந்தக் கைனேஸ் கலப்படம் வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. சிவப்பணு நொதிக் குறைபாட்டுக்கான மருந்துகளை ஆராய்கிறவர்களுக்கும் இந்தக் குப்பி உதவாது. 2022-இல் ஒப்புதல் பெற்ற மிட்டாபிவாட் குறிவைப்பது பிகேஎல்ஆர் என்ற வேறு மரபணுவிலிருந்து வரும் சிவப்பணு நொதியை.

மதிப்பு என்று கேட்டால்: வேக அளவீடு, தூண்டிகள் தேடுதல், மாணவர்களுக்கு அலோஸ்டெரி (ஒரு மூலக்கூறு வேறோர் இடத்தில் ஒட்டி நொதியின் வேலையை மாற்றுவது) காட்டுதல் ஆகியவற்றுக்குத் தயங்காமல் வாங்கலாம். ஜெல் வடிகட்டலில் டெட்ராமரையும் இருமடியையும் பிரித்துக் காட்டுதல், வெப்ப அளவியலில் பிணைப்பை அளத்தல் போன்றவற்றுக்கு 50 மைக்ரோகிராம் குப்பிகளைச் சேர்த்துச் சேர்த்து வாங்காதீர்கள், லாட் மாறினால் எஃப்பிபி நிறைவும் மாறியிருக்கும். 1 மில்லிகிராம் பொதியை ஒரே லாட்டாகக் கேளுங்கள். கூடவே எஃப்பிபி பிடிக்க முடியாத செரின் 437 டைரோசின் மாற்றுருவையும் அதே பஃபரில் கொஞ்சம் வாங்கி வையுங்கள். எஃப்பிபி கொடுத்தும் அது அசையக் கூடாது. அசைந்தால் சோதனைக் கரைசலில்தான் எங்கோ கோளாறு.